வெயில் வேறு, வெளிச்சம் வேறு

தமிழில் வெயில் என்று ஒரு சொல் இருக்கிறது. வெளிச்சம் என்று வேறொரு சொல் இருக்கிறது. இரண்டுக்கும் மூலம் சூரியன்தான். ஆனாலும் நாம் அவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. “வெயில்ல நிக்காத, உள்ள வா” என்று கூப்பிடும் அம்மா, உள்ளே வந்தபின் “வெளிச்சத்துல உக்காந்து படி” என்கிறார். வெயில் சுடும், தரையில் கூர்மையான நிழலை வெட்டும். வெளிச்சம் நிழலிலும் இருக்கும், மேகத்துக்குக் கீழும் இருக்கும். கட்டடங்களில் பகலொளியைப் பயன்படுத்துவது பற்றிய ஆய்வுத் துறை முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையில்தான் நடக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும், வெயிலை வாசலிலேயே நிறுத்த வேண்டும். கேட்க எளிது. அதைச் செய்வதில்தான் அத்தனை கணக்கும் இருக்கிறது.

நான் ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். ஒளி, வெப்பம், ஆற்றல் ஆகியவற்றை முதலில் தமிழிலும், பிறகு மலாயிலும், இப்போது பொறியியல் மாணவனாக ஆங்கிலத்திலும் படித்திருக்கிறேன். மூன்று மொழிகளில் படித்த பாடத்தைத் திரும்பவும் முதல் மொழிக்கே கொண்டுவர முடியுமா என்று பார்க்கும் முயற்சி இது. செமிலிங்கிலும் அதைச் சுற்றியுள்ள பீடோங், மெர்போக், சுங்கைப் பட்டாணி வட்டாரங்களிலும் நாம் குடியிருக்கும் வீடுகளையும் அமர்ந்து படிக்கும் வகுப்பறைகளையும் வைத்தே இதனைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் தலைக்கு மேல் உள்ள வானம்

ஒரு பரப்பின்மீது எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமன் ஒளி விழுந்தால் அது ஒரு லக்ஸ். முழுநிலவின் ஒளி ஒரு லக்ஸுக்கும் குறைவு. படிப்பதற்கும் எழுதுவதற்கும் மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ் போதும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே எவ்வளவு இருக்கிறது? இந்தக் கேள்விக்கு நம் நாட்டு வானத்தை வைத்தே விடை தேடியவர்களில் முக்கியமானவர் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஸ்னி ஸைன் அகமது. அவரும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கமாருஸ்ஸமான் சோப்பியான், முகமது யூசோப் ஒத்மான் முதலியோரும் இணைந்து எழுதிய இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் 2002-ஆம் ஆண்டு அனைத்துலக ஆய்விதழ்களில் வெளிவந்தன. வானிலைத் துறை பதிவு செய்து வைத்திருந்த சூரியக் கதிர்வீச்சுத் தரவுகளைக் கொண்டு அவர்கள் ஒளியின் அளவைக் கணக்கிட்டார்கள். கதிர்வீச்சு மிகுந்த மாதங்களில் நண்பகலில் 80,000 லக்ஸைத் தாண்டுகிறது. மிகக் குறைந்த மாதங்களிலும் 60,000 லக்ஸை எட்டுகிறது. மேசைக்குத் தேவைப்படுவதைப் போல் ஏறத்தாழ இருநூறு மடங்கு!

இந்த எண்ணைவிட எனக்குச் சுவையாகத் தோன்றியது, அவர்கள் வானத்தை வகைப்படுத்திய விதம். வானம் முழுதும் மூடியிருக்கலாம், முழுதும் தெளிந்திருக்கலாம், இரண்டுக்கும் இடைப்பட்டதாகவும் இருக்கலாம். அவர்களுடைய கணக்கின்படி நம் வானம் 85.6 விழுக்காடு நேரம் இடைப்பட்ட நிலையிலும், 14 விழுக்காடு நேரம் மூடிய நிலையிலும் இருக்கிறது. முழுதும் தெளிந்த நீலவானம் என்பது இங்கே ஏறக்குறைய இல்லை. ஜெராய் மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. காலையில் தெளிவாகத் தெரியும் மலை உச்சியைப் பகல் ஏற ஏற வெண்மேகம் சூழ்ந்துகொள்வதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

இதில் என்ன முக்கியத்துவம் என்று கேட்கலாம். 1942-இல் அமெரிக்கர்களான பாரி மூன், டொமினா ஸ்பென்சர் இருவரும் மூடிய வானத்துக்கு ஒரு கணிதச் சூத்திரம் தந்தார்கள். அதன்படி உச்சிவானம் தொடுவானத்தைவிட மூன்று மடங்கு ஒளியுடையது. 1955-இல் அனைத்துலக ஒளியியல் ஆணையம் அதை ஏற்றுக்கொண்டது. மேகம் கவிந்த ஐரோப்பிய வானத்துக்கு அது பொருந்தும். அந்தச் சூத்திரத்தைப் பாடநூலிலிருந்து அப்படியே எடுத்து வெப்பமண்டல நாடுகளிலும் கட்டடம் கட்டினால் சன்னல் தேவைக்கு மேல் பெரிதாகிவிடும். இந்தியாவின் ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆய்வு நிறுவனம் இதை 1960-களிலேயே உணர்ந்து, தெளிந்த வானத்தை அடிப்படையாகக் கொண்டு 8,000 லக்ஸ் என்ற தனிக்கணக்கை வகுத்தது. ஆனால் இந்தியாவின் தெளிந்த வானமும் நம் வானம் அன்று. நம்முடையது வெண்மேகம் சிதறிய, கண்ணைக் கூசவைக்கும் வானம். சூரியன் மேகத்தின் பின்னால் இருக்கும்போதும் அந்த மேகமே விளக்குப்போல் எரிகிறது. இதனால்தான் அஸ்னி குழுவினரின் பணியை நான் பெரிதாக மதிக்கிறேன். கணினியில் கட்டடம் வரைவதற்கு முன், வரையப்படும் இடத்தின் வானம் எது என்று கேட்டார்கள்.

பகலொளி உத்திகளை மட்டும் கொண்டே கட்டடத்தின் மின்பயன்பாட்டில் 10 விழுக்காட்டை மிச்சப்படுத்தலாம் என்பது அவர்களுடைய மற்றொரு முடிவு. பத்துதானா என்று முதலில் எனக்கும் தோன்றியது. வானத்தில் இருநூறு மடங்கு கிடக்கும்போது ஏன் பத்து விழுக்காட்டோடு நிற்க வேண்டும்? அதற்கு வெப்பம் விடை சொல்லும்.

ஒரு வாட்டுக்கு எத்தனை லூமன்?

சாதாரண மஞ்சள் குமிழ் விளக்கு ஒரு வாட் மின்சாரத்தில் 12 முதல் 15 லூமன் ஒளி தரும். பழைய குழல் விளக்கு 80 அளவில் தரும். இன்றைய எல்.இ.டி. 100-ஐத் தாண்டும். சூரிய ஒளியையும் இப்படிக் கணக்கிடலாம். வெயிலில் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 லூமன். வானத்திலிருந்து சிதறி வரும் வெளிச்சத்தில் 120 வரை. ஆக, வெளிச்சம் என்பது குழல் விளக்கைவிடக் ‘குளிர்ச்சியான’ ஒளி. மேசைக்கு 300 லக்ஸ் மட்டும் வானத்திலிருந்து எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் மூன்று வாட்டுக்கும் குறைவான வெப்பமே உள்ளே வரும்.

ஆனால் சன்னல் அளந்து ஊற்றுவதில்லை. 300 கேட்டால் 3,000 தரும். 3,000 லக்ஸ் வந்தால் வெப்பமும் பத்து மடங்காகிறது. அந்த வெப்பத்தைக் குளிரூட்டிதான் வெளியேற்ற வேண்டும். விளக்கில் மிச்சப்படுத்திய காசு குளிரூட்டிக்குப் போய்விடும். பத்து விழுக்காடு என்ற அடக்கமான எண்ணின் பின்னால் இருக்கும் காரணங்களில் இது முதன்மையானது.

அடுத்தது கண்கூச்சம். கூச்சம் வந்ததும் மனிதர் செய்யும் முதல் வேலை திரைச்சீலையை இழுத்துவிடுவது. இரண்டாவது வேலை விளக்கைப் போடுவது. வெயில் நகர்ந்தபின் திரையைத் திறப்பது என்ற மூன்றாவது வேலையைப் பெரும்பாலோர் செய்வதில்லை. 1978-இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை அலுவலகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அலுவலகச் சன்னல்களைப் படமெடுத்து ஆராய்ந்தபோது கண்டதும் இதுவே. ஒருமுறை வைத்த நிலையிலேயே மறைப்புகள் நெடுநாள் கிடந்தன. நான் பயின்ற ஒரு பள்ளியிலும் இப்படித்தான். ஆண்டின் தொடக்கத்தில் வகுப்புக்கு அழகாகத் திரைச்சீலை தைத்து மாட்டுவோம். அன்று இழுத்தது ஆண்டு இறுதித் தேர்வு வரை அப்படியே இருக்கும். வெளியே 60,000 லக்ஸ். உள்ளே பன்னிரண்டு குழல் விளக்குகள். ஆசிரியரைக் கேட்டால், “அந்தப் பக்கம் வெயில் அடிக்குதுடா” என்பார். அவர் சொன்னது உண்மைதான், ஆனால் ஒரு பக்கத்துக்கு மட்டும்.

செமிலிங்கின் சூரியன்

செமிலிங் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 5.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முதல் பாதியிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. ஜூன் 21 வாக்கில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து சுமார் 72 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பர் 22 வாக்கில் தெற்கே சாய்ந்து சுமார் 61 பாகையில் நிற்கும். எந்நாளும் உயரம்தான்.

இதிலிருந்து ஓர் எளிய கணக்கு வருகிறது. ஒன்றரை மீட்டர் உயரமுள்ள சன்னல் வடக்கு நோக்கியிருந்தால், அதன் மேல் அரை மீட்டர் நீட்டிய தாழ்வாரம் நண்பகல் வெயிலை ஆண்டு முழுவதும் தடுத்துவிடும். தெற்கு நோக்கியிருந்தால் 85 செண்டிமீட்டர் வேண்டும். கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நேராக உள்ளே பார்க்கும். எவ்வளவு நீளத் தாழ்வாரம் போட்டாலும் போதாது. அங்கே மரமோ, நிமிர்ந்து நிற்கும் மறைப்போ, அகன்ற வராந்தாவோதான் உதவும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டது. அதனால் கெடாவில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அன்று. கடிகாரம் ஏறத்தாழ 1.20 காட்டும்போதுதான். காலைப் பள்ளி முடிந்து மாணவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் அது. அப்படியானால் வகுப்பு நடக்கும் நேரம் முழுவதும் சூரியன் வானத்தின் கிழக்குப் பாதியில்தான் இருக்கிறது. மேற்குப் பக்கச் சன்னல்களில் பாட வேளையில் வெயில் அடிக்க வழியே இல்லை. அந்தப் பக்கத் திரைகளைக் காலை முழுவதும் திறந்து வைக்கலாம். வரும் வெளிச்சமும் கூச்சமில்லாத நல்ல வெளிச்சம். இதற்கு ஒரு சென்னும் செலவில்லை. ஒரு மாணவனைப் பொறுப்பாக வைத்தால் போதும்.

புத்ராஜெயாவில் செய்து காட்டியது

இந்தக் கணக்குகள் ஏட்டிலேயே நின்றுவிடவில்லை. 2004-இல் புத்ராஜெயாவில் ஆற்றல் அமைச்சுக்காகக் கட்டப்பட்ட ‘லியோ’ எனப்படும் குறைந்த ஆற்றல் அலுவலகம் சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 114 யூனிட் மின்சாரம் மட்டுமே செலவழித்தது. அன்று வழக்கமான அலுவலகங்களுக்குச் சொல்லப்பட்ட அளவு 275. அதே புத்ராஜெயாவில் ஆற்றல் ஆணையத்தின் ‘வைரக் கட்டடம்’ 2010-இல் எழுந்தது. அதன் பயன்பாடு ஏறக்குறைய 70 யூனிட் அளவுக்கு இறங்கியது.

வைரக் கட்டடத்தைப் படத்தில் பார்த்தவர்கள், தலைகீழாக வைத்த கூர்நுனிக் கோபுரம் என்று நினைத்திருப்பார்கள். அது வெறும் அலங்காரமன்று. சுவர்கள் 25 பாகை வெளிப்புறம் சாய்ந்திருக்கின்றன. ஒவ்வொரு மாடியும் தனக்குக் கீழுள்ள மாடிக்குக் குடையாகிறது. வெயில் தடுக்கப்பட்டபின் மிஞ்சும் வெளிச்சத்தை, சன்னலோரம் வைத்த ஒளித்தட்டு மேல்நோக்கித் திருப்பி வெள்ளைக் கூரைமேல் வீசுகிறது. அங்கிருந்து அது அறையின் உட்புறம் வரை பரவுகிறது. நடுமுற்றத்துக்கு மேலுள்ள கண்ணாடிக் கூரையில் வெயிலுக்கேற்பத் தானாக நகரும் மறைப்புகள் உள்ளன. மனிதர் மறந்துவிடும் அந்த மூன்றாவது வேலையை இயந்திரம் செய்கிறது.

இந்தச் சேமிப்பு முழுவதும் பகலொளியால் வந்ததன்று. சுவர், கூரை வெப்பத்தடுப்பும் சிக்கனமான குளிரூட்டலும் பெரும்பங்கு வகிக்கின்றன. இதைச் சொல்லாமல் எண்களை மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

லயத்திலிருந்து வரிசை வீட்டுக்கு

புத்ராஜெயா நமக்குத் தூரம். நம் வீடுகளைப் பார்ப்போம்.

தோட்டத்து லயங்களின் உட்புறம் இருட்டாக இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சன்னல் சிறியது. பலகைச் சுவர் விறகுப் புகையால் கறுத்துப்போயிருக்கும். வெள்ளையடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் எண்பது விழுக்காட்டைத் திருப்பித் தரும்; கரி படிந்த பலகை பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஆனால் லயத்துக்கு ஒரு முன்வாசல் இருந்தது. வேலை, படிப்பு, அரட்டை எல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் நடந்தன. வெயில் படாத, வெளிச்சம் நிறைந்த இடம் அதுதான்.

சுங்கைப் பட்டாணி, பீடோங் பக்கத்துப் பழைய கடைவீடுகளைக் கட்டியவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். முன்னே ஐந்தடி நடைபாதை வெயிலைத் தடுக்கும். நீண்டு போகும் வீட்டின் நடுவே வானம் பார்த்த திறப்பு ஒன்று வெளிச்சத்தையும் காற்றையும் இறக்கும். தமிழ்நாட்டு வீட்டு முற்றத்தின் சீன உறவு என்று அதைச் சொல்லலாம்.

தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்களில் பல இன்று குடியிருப்பது வரிசை வீடுகளில். இருபுறமும் பொதுச்சுவர், சன்னல் முன்னாலும் பின்னாலும் மட்டும். 20 அடி அகலமும் 50 அடி ஆழமும் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பயனுள்ள வெளிச்சம் உள்ளே செல்லும் என்பது கட்டடக் கலையில் வழங்கும் ஒரு கைக்கணக்கு. மேல்விளிம்பு 7 அடி என்றால் 14 முதல் 17 அடி. முன்னால் 15, பின்னால் 15 போக, நடுவில் 20 அடி இருட்டு. பெரும்பாலும் படிக்கும் பிள்ளையின் அறை அங்கேதான்.

பிறகு நாம் வீட்டைப் பெரிதாக்குகிறோம். முன்னால் கார் நிறுத்தக் கூரை போடுகிறோம். பின்னால் சமையலறையை வேலிவரை நீட்டுகிறோம். பழைய பின்சன்னல் இப்போது புதிய சமையலறையைப் பார்க்கிறது. வானம் பார்த்த சன்னல் ஒன்றுகூட வீட்டில் மிஞ்சுவதில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போடாமல் அரிசி களைய முடியாத வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பணம் சேர்த்து, கடன் வாங்கி, ஆசையோடு செய்த வேலை அது. குறை சொல்ல மனம் வரவில்லை. இடம் வேண்டும் என்பது நியாயமான தேவை. வெளிச்சம் போகும் என்று குத்தகைக்காரர் யாரும் சொல்வதில்லை.

இருட்டைக் கண்டதும் அடுத்து வரும் யோசனை, கூரையில் ஓரிரு தகடுகளைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தகடு போடுவது. ஒரு சதுர மீட்டர் தகட்டைக் கணக்குப் பார்ப்போம். நண்பகலில் அதன்மேல் 80,000 லக்ஸ் விழுந்து, எண்பது விழுக்காடு உள்ளே வந்தால் 64,000 லூமன். இருபது பழைய குழல் விளக்குகளின் ஒளி! கூடவே 600 வாட் வெப்பம். ஒரு குதிரைத்திறன் குளிரூட்டி வெளியேற்றக்கூடிய வெப்பம் சுமார் 2,600 வாட். நான்கு தகடு போட்டால் ஒரு குளிரூட்டியின் உழைப்பை அப்படியே விழுங்கிவிடும். இது வெயிலைக் கூரை வழியாக வீட்டுக்குள் இறக்கும் வேலை.

அதே ஒரு சதுர மீட்டர் திறப்பைச் செங்குத்தாக வையுங்கள். கூரையின் ஒரு பகுதியைச் சற்று உயர்த்தி, உயர்த்திய இடைவெளியில் வடக்கு நோக்கிக் கண்ணாடி பதித்து, மேலே அரை மீட்டர் தாழ்வாரம் நீட்டுங்கள். வானத்திலிருந்து அதன்மேல் 10,000 லக்ஸ் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 8,000 லூமன் உள்ளே வரும். இரண்டரைக் குழல் விளக்குகளின் ஒளி. ஒரு சமையலறைக்குத் தாராளம். வெப்பமோ 70 வாட் மட்டுமே, அதாவது வீட்டில் ஓர் ஆள் கூடுதலாக இருப்பதுபோல. வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டு எண்களைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எல்.இ.டி. வந்தபின்

நண்பர் ஒருவர் இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தைப் படித்துவிட்டு, “இப்பதான் எல்.இ.டி. வந்திருச்சே, விளக்குக்கு எவ்வளவு கரண்டு போயிடப் போகுது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அஸ்னி குழுவினர் 2002-இல் எழுதியபோது குழல் விளக்குகள்தாம் எங்கும் இருந்தன.

பன்னிரண்டு விளக்குகள் உள்ள வகுப்பறை, நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 190 நாள் என்று கொள்வோம். பழைய குழல் விளக்கு, அதன் சோக்கையும் சேர்த்து 45 வாட் எடுக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 616 யூனிட். 18 வாட் எல்.இ.டி. குழலாக மாற்றினால் 246 யூனிட். சன்னலோரப் பாதி விளக்குகளை அணைத்தால் முன்பு 308 யூனிட் மிச்சமாகியிருக்கும், இன்று 123-தான். நண்பர் சொன்னதில் பாதி உண்மை.

மறுபாதி, குளிரூட்டியில் இருக்கிறது. விளக்கு எவ்வளவு சிக்கனமானாலும், தடுக்கப்படாத மேற்குச் சன்னல் உள்ளே விடும் வெப்பம் ஒரு வாட்கூடக் குறையவில்லை. ஆகவே இன்று கட்டடம் கட்டுவோர் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு வெளிச்சம் விடலாம் என்பதைவிட, எவ்வளவு வெயிலைத் தடுக்கலாம் என்பது. 2009-இல் தொடங்கப்பட்ட நம் நாட்டுப் பசுமைக் கட்டடக் குறியீடும் வெளிச்சத்துக்குக் கீழ்வரம்பு மட்டும் வைக்கவில்லை, மேல்வரம்பும் வைத்திருக்கிறது. வெளியே உள்ள வான ஒளியில் 1 முதல் 3.5 விழுக்காடு உள்ளே வந்தால் மதிப்பெண் உண்டு. அதற்குமேல் வந்தால் இல்லை.

செமிலிங் வட்டாரத்தில் வீட்டை நீட்டிக் கட்ட இருப்போர் யாரேனும் இதைப் படித்தால், வரைபடத்தில் கையொப்பமிடுவதற்கு முன் இரண்டு கேள்விகளைக் குத்தகைக்காரரிடம் கேளுங்கள். வடக்கு எந்தப் பக்கம்? புதிய கூரை போட்டபின் வானத்தைப் பார்க்கும் சன்னல் எத்தனை மிஞ்சும்? இரண்டாவது கேள்விக்கு “ஒன்றும் இல்லை” என்று விடை வந்தால், பின்சுவரை வேலிக்கு மூன்றடி முன்னதாகவே நிறுத்தி, அந்த மூன்றடியைக் கூரையில்லாமல் விடச் சொல்லுங்கள். துணி காயப்போடவும் அது உதவும்.